லக்கலக் கொடி

ஆய்வு நிலையத்துக் கந்தோருக்குள் நுழைந்ததும் ஹமீமா செய்கிற முதல் வேலை கணினியைத் தட்டி எழுப்புவது. கைப்பையைக் கழற்றி வைப்பது, மின்விசிறியைப் போடுவது, இரவில் கரண்ட் போய் மாதிரிகள் கெட்டுப்போகாமல் இருந்தனவா என்று பார்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான். 2008இல் மாத்தளையில் இணையம் என்பது தொலைபேசிக் கம்பி வழியாக முனகிக்கொண்டு வருகிற சமாச்சாரம். அது முனகி முடிகிற வரைக்கும் அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். திரையில் அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும், உலகத்தில் எத்தனை பேர் அதைத் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண் வரும். எண் கூடியிருந்தால் அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் நல்ல காலம். கூடாவிட்டால், கண்ணாடிக் குழாயைச் சரியாகக் கழுவாதவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. மிளகு, கொக்கோ, சாதிக்காய் என்று வாசனைப் பயிர்களை ஆராய்கிற ஒரு சின்ன நிலையத்தில் அவள் மூலக்கூற்று உயிரியல் பிரிவைக் கட்டி எழுப்பியவள். பிரிவு என்றால் ஓர் அறை, இரண்டு இயந்திரங்கள், ஓர் உதவியாளர். முதுநிலை விஞ்ஞானி பதவிக்கு அடுத்த மாதம் நேர்முகப் பரீட்சை. அது கிடைத்தால் பிரிவு நிலைக்கும். கிடைக்காவிட்டால் கண்டியில் இருக்கிற பெரிய ஆய்வுக்கூடத்தோடு அதைச் சேர்த்துவிடுவார்கள், அவளும் அங்கே யாருக்கோ கீழே போய் உட்கார வேண்டியிருக்கும். குழு முதலில் பார்க்கப்போவது மேற்கோள் எண்ணிக்கையைத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஹமீமா எழுதியவை பதினொரு கட்டுரைகள். அதில் பத்து, பந்தல் போட்டும் ஆள் வராத கல்யாணங்கள். பதினோராவது மட்டும் நூறு மேற்கோளைத் தாண்டி நின்றது. அதை எடுத்துவிட்டால் அவளிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

அவளுடைய கணவர் பதுர்தீனுக்குப் பெரிய வீதியில் கராம்பும் ஏலமும் விற்கிற கடை. "இன்டைக்கி எத்தன பேர் ஒங்களுக்குச் சாட்சி செல்லியிருக்காங்க?" என்று பின்னேரம் கேட்பார். கேலிதான், ஆனால் எண்ணைச் சொன்னதும் அவர் முகமும் மலரும். கடைக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்லிப் பெருமையடிப்பதாகவும் கேள்வி.

அந்தப் பதினோராவது கட்டுரையின் விஷயத்தை விளங்கிக்கொள்வது பெரிய வித்தை இல்லை. மிளகுக்கொடியின் இலை மஞ்சள் பூத்துச் சுருங்கிப்போகிற ஒரு வைரஸ் நோய் உண்டு. அது நாற்றுப்பண்ணைகளில் இருந்து கன்றோடு கன்றாக ஊர் ஊராகப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஹமீமா மாற்றிச் சொன்னாள். பஸ்ஸே ஒழுங்காகப் போகாத லக்கலைக் காட்டில், ஓடைக்கரையில் தானாக முளைத்த ஒரு கொடியிலும் அந்த வைரஸ் இருக்கிறது. ஆகவே இது இந்த மண்ணிலேயே ஆதியில் இருந்து இருப்பது, கன்று கொண்டுபோவதால் வருவதல்ல என்றாள். 2000ஆம் ஆண்டு எடுத்த இலை. இரண்டு வருஷம் கழித்து வெளியான கட்டுரை. ஐந்து கண்டங்களிலும் மேற்கோள் காட்டினார்கள். விவசாய அதிகாரிகளுக்கு வந்த ஒரு சுற்றறிக்கையும் அதைக் காட்டி, கன்றுகளையும் தண்டுகளையும் எங்கேயும் கொண்டுபோய் நடலாம், பயமில்லை என்று சொன்னது. ஹமீமாவுக்கு மற்ற எல்லா மேற்கோளையும்விட அந்தச் சுற்றறிக்கைதான் பெருமை. அதை மட்டும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள்.

அந்தக் கட்டுரைக்குத்தான் ஒரு திங்கட்கிழமை ஆபத்து வந்தது. வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று, பண்பு குறையாத பாஷையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அவளுடைய லக்கலை வைரஸின் மரபணு வரிசையை முழுதாக ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். நாற்றுப்பண்ணை வைரஸும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றனவாம். காட்டில் ஒதுங்கி வளர்ந்த கொடியில் இது எப்படி என்று விளங்கவில்லையாம். அதே கொடியில் இருந்து புது இலை கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

ஹமீமா பழைய மாதிரியை வெளியே எடுத்துத் திரும்பச் சோதித்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இயந்திரத்தில் பிழை இல்லை, கையில் பிழை இல்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு அப்படியே இருந்தாள். மின்னஞ்சல் அனுப்பியவர்கள் அதை எழுதி வெளியிட எத்தனை நாள் எடுக்கும், நேர்முகப் பரீட்சைக்கு முன்னால் வந்துவிடுமா, குழுவில் யாருக்காவது இதற்குள் தெரிந்திருக்குமா என்று மனசு ஓயாமல் கணக்குப் போட்டது.

கடைசியில், போய் இலையைப் பிடுங்கி வருவதுதான் வழி என்று முடிவெடுத்தாள். அந்தக் கொடி நிற்கும் இடத்துக்குப் போய்வந்தது ஒரே ஆள்தான். உதவியாளன் பழனிமுத்து. 2000இல் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு காட்டுக்குப் போக முடியாமல் அவள் அவனைத்தான் அனுப்பினாள். யட்டவத்தைப் பக்கத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, உயர்தரம் படித்து, தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்து, இப்போது நிரந்தரமாகி, ஒரு பெண்பிள்ளைக்கு அப்பாவாகவும் ஆகியிருந்தான். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவனுடையது. அதை அவளே விரும்பிப் போட்டிருந்தாள்.

லக்கலை என்றதும் பழனிமுத்துவின் முகம் செத்துப்போனது. முதலில் யானைத் தொல்லை என்றான். பிறகு மகளுக்குக் காய்ச்சல் என்றான். அதற்கடுத்த நாள், சோதனைச் சாவடிகள் திரும்ப வந்துவிட்டன, தமிழ் ஆட்களை இறக்கி வைத்துவிடுகிறார்கள் என்றான். அது உண்மைதான், யுத்தம் மறுபடி மூண்டு, ஊரெங்கும் தடைகள் போட்டிருந்த காலம். ஹமீமா விடவில்லை. பணிப்பாளரிடம் கடிதம் வாங்கினாள், நிலையத்து வேனை எடுத்தாள், சனிக்கிழமை காலையில் அவனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

வேன் அலுவிகாரை வரைக்கும்தான் போனது. விகாரைக்கு எதிரே தேநீர்க் கடையைக் கண்டதும், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் என்றான் பழனிமுத்து. சாரதி தேநீர் குடிக்க இறங்கிப் போனார். இவன் இறங்கவில்லை.

"வேன திருப்பச் சொல்லுங்க மிஸ். அங்க போயி பிரயோசனம் இல்ல."

"ஏன்? கொடி பட்டுப்போச்சா?"

"நான் அங்க போனதே இல்ல மிஸ்."

அவன் சொன்னதெல்லாம் அவளுக்கு உடனே ஏறவில்லை. லக்கலைக்குப் புறப்பட்டது உண்மையாம். பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்களாம். அவனுடைய பையில் மூடி போட்ட சின்னக் குழாய்கள் இருந்தன. இலையை உலர்த்துகிற நீல நிற மணிகள் ஒரு போத்தல் நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரைபடம் இருந்தது. லக்கலை ஆட்கள் சொன்னதைக் கேட்டு ஹமீமா தன் கையால் வரைந்தது. பாதை, பாலம், பாலத்தில் இருந்து காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதை, கொடி நிற்கும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம். தோட்டத்துத் தமிழ்ப் பெடியன் ஒருவன், பாலத்தையும் காட்டையும் குறித்த வரைபடத்தோடு தனியே போகிறான். மிளகு இலை பிடுங்கப் போகிறேன் என்றானாம். யார் நம்புவார்கள்? மூன்று நாள் வைத்திருந்தார்களாம். தோட்டத்துத் தலைவர் அழகமுத்து வந்து கையெழுத்துப் போட்டுத்தான் வெளியே எடுத்தாராம். வரைபடத்தை அவர்களே வைத்துக்கொண்டார்களாம். அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

"போகக்குள்ள ஒரு கடிதம் கேட்டேன் மிஸ். பணிப்பாளர் கொழும்புல, கையெழுத்து வைக்க ஒரு கிழம ஆகும், நீங்க போயிட்டு வந்துருங்கன்னு சொன்னீங்க."

ஹமீமாவுக்கு அது ஞாபகம் வந்தது. அதைவிட வேறொன்றும் ஞாபகம் வந்து உடம்பு கூசியது. அவன் திரும்பி வந்த அன்றைக்கு வரைபடத்தைத் தொலைத்துவிட்டான் என்று எல்லாருக்கும் முன்னால் வைத்துக் கத்தியிருக்கிறாள். ஒரு காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாதவருக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறாள். நாளைக்குள் இலை வேண்டும், இயந்திரத்துக்கு முறை வாங்கி வைத்திருக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள்.

நாளைக்குள் இலை வேண்டும் என்றால் அவன் எங்கே போவான்? யட்டவத்தையில் அவனுடைய மாமி சுந்தரம்மா வீட்டுக்குப் பக்கத்தில் சோமாவதி என்ற சிங்களப் பெண் இருந்தாள், லக்கலையில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம், பெண் புகுந்த வீட்டுக்கு வரும்போது பிறந்த ஊர் மிளகுத் தண்டு ஒன்றையும் கொண்டுவந்து நடுவாள். கொடிக்குப் பெண்ணின் ஊர்ப் பெயரே நிலைத்துவிடும். சோமாவதி வீட்டுப் பலாமரத்தில் ஏறி நின்றதை அந்த வட்டாரமே லக்கலக் கொடி என்றுதான் சொல்லும். அவளுடைய அப்பா காட்டோரத்தில் இருந்து எடுத்ததாம். பழனிமுத்து அதில் இலை பிடுங்கி, லக்கலை என்று சீட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டான்.

"நான் ஏமாத்தணும்னு செய்யல மிஸ். செடிய எங்க கொண்டுபோயி நட்டாலும் அதோட டி.என்.ஏ மாறாதுன்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க. அது லக்கலக் கொடிதானே."

கொடியைப் பொறுத்த வரைக்கும் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவள் தேடியது கொடியை அல்ல, கொடிக்குள் இருந்த வைரஸை. அது பக்கத்து வளவில் நட்ட நாற்றுப்பண்ணைக் கன்றில் இருந்து மாவுப்பூச்சியோடு வந்து ஏறியிருக்கும். யட்டவத்தையில் பிடித்த நோயை லக்கலைக்கு எழுதிவைத்து அவள் உலகத்துக்கே அறிவித்திருக்கிறாள். சாரதி தேநீர் குடித்துவிட்டு வந்து எந்தப் பக்கம் என்று கேட்டார். யட்டவத்தைக்கு விடச் சொன்னாள்.

சோமாவதி அவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்றாள். பலாமரத்துக் கொடி பாதிக்குமேல் மஞ்சளித்துக் கிடந்தது. காய்ப்பது நின்று பல வருஷம், ஆனால் ஊர்க் கொடி என்பதால் வெட்ட மனசு வரவில்லை என்றாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: போன மாரிக்கு முந்தின மாரியில் லக்கலையில் தங்கச்சி புது வீடு கட்டினாள், அப்பாவின் கொடி அங்கே அழிந்துபோனபடியால் இதில் இருந்து தண்டு வெட்டி அனுப்பினேன். இலை இப்படி இருக்கிறதே என்று சோமாவதிதான் முதலில் தயங்கினாளாம். விவசாய அதிகாரியிடம் கேட்டாளாம். அவர் ஒரு சுற்றறிக்கையை வாசித்துக் காட்டி, தாராளமாக அனுப்பலாம் என்றாராம்.

ஹமீமாவின் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குவது அந்தச் சுற்றறிக்கைதான்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பதுர்தீன் தாடையைத் தடவினார். மனைவி உறங்காமல் கரைவதை அவரால் பார்க்க முடியவில்லை. வியாபாரிக்கு வழி தோன்றாமல் போகுமா?

"அப்ப இப்ப லக்கலையில அந்த நோய் ஈக்கிதுதானே? போய் அந்தத் தங்கச்சிட கொடியில எலயப் புடுங்கி அனுப்பிப் போடுங்க. லக்கலையில எடுத்த எல, அதுல வைரஸும் ஈக்கிது. எங்க பொய்?"

அது அவளுக்கும் ஏற்கனவே தோன்றிய வழிதான். தோன்றியதால்தான் அவளுக்குத் தன்மேலேயே பயமாக இருந்தது. அந்த ஒரு வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் கணினியைக் கடைசியாகத்தான் திறந்தாள். திறந்தால், எண் இரண்டு கூடியிருந்தது. முன்னர் ஒவ்வொன்றும் இனித்தது. இப்போது இந்த இரண்டு பேரும் எந்த ஊரில் எந்தத் தோட்டக்காரனுக்கு என்ன சொல்லப்போகிறார்களோ என்று யோசித்தாள். உண்மையை எழுதினால் நூறும் போய்விடும். பதவி போகும், பிரிவு போகும், பழனிமுத்து பொய்யன் என்று ஆவான். எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. அதுதான் அவளை அரித்தது.

அடுத்த சனிக்கிழமை வேன் திரும்பப் புறப்பட்டது. இந்தத் தடவை பழனிமுத்து எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை. எதற்காகப் போகிறோம் என்று அவளும் தெளிவாகச் சொல்லவில்லை. சோமாவதியின் தங்கச்சி வீட்டுக் கொடியைப் பார்க்க வேண்டும் என்றாள், அவ்வளவுதான். சோதனைச் சாவடியில் சிப்பாய் கடிதத்தைப் படித்தான், அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தான். அவளை இருக்கச் சொல்லிவிட்டுப் பழனிமுத்துவை மட்டும் இறக்கினான். அங்கே ஏற்கனவே ஒரு பஸ்ஸில் இருந்து இறக்கிய ஆட்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அவனும் போய் அதன் கடைசியில் நின்றான். ஹமீமா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து ஏறியபோது அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தங்கச்சியின் வீடு வயலோரத்தில் இருந்தது. யானை சாய்த்த வேலியை இன்னும் நிமிர்த்தவில்லை. முற்றத்து மாமரத்தில் ஆளுயரத்துக்கு ஏறியிருந்தது கொடி. கிட்டப் போகாமலே தெரிந்தது, இலையெல்லாம் மஞ்சள் தேமல். வளவின் மற்றப் பக்கத்தில் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. அந்தக் காட்டு மிளகை இது இன்னும் எட்டியிருக்காது. எட்டுவதற்கு ரொம்ப நாளும் ஆகாது.

பழனிமுத்து சட்டைப் பையில் இருந்து மூடி போட்ட குழாய் ஒன்றை எடுத்தான். வீட்டிலேயே சீட்டு ஒட்டி, லக்கலை என்று எழுதிக் கொண்டுவந்திருந்தான். ஓர் இலையைப் பிடுங்கிச் சுருட்டி உள்ளே வைத்து அவளிடம் நீட்டினான்.

"இப்ப இது பொய் இல்ல மிஸ். இத அனுப்பினாப் போதும், எல்லாம் சரியாயிரும். உங்களுக்கும் பதவி கெடச்சிரும்."

ஹமீமா வாங்கிக்கொண்டாள். ஒரு சுண்டுவிரல் அளவு குழாய். அவள் எழுதியதை நம்பித்தான் சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கையை நம்பித்தான் இந்தக் கொடி இங்கே வந்தது. இப்போது இதே கொடி, அவள் எழுதியது சரிதான் என்று சாட்சி சொல்லக் காத்திருந்தது. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கேள்வி கேட்டவர்களின் வாயும் அடைபடும். அவள் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"பழனிமுத்து, அன்டைக்கி நீங்க மூணு நாள் பிந்தி வந்தீங்க. ஏன் பிந்தினீங்கன்னு நான் கேட்டேனா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"இல்ல மிஸ். மேப் எங்கன்னு கேட்டீங்க."

ஹமீமா மூடியைத் திருப்பித் திறந்து, இலையைக் கீழே கொட்டினாள். சீட்டைக் கிழித்தாள். வீட்டுக்காரியிடம் மண்வெட்டியும் நெருப்புப் பெட்டியும் கேட்டாள். இந்தக் கொடியை வேரோடு எடுக்க வேண்டும், நோயில்லாத தண்டு நானே கொண்டுவந்து தருவேன் என்று சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். அக்கா அனுப்பிய கொடி என்று அந்தப் பெண் கண் கலங்கினாள். பிறகு அவளே போய் மண்வெட்டியைக் கொண்டுவந்தாள்.

பழனிமுத்து தோண்டினான். பச்சைக் கொடி இலேசில் எரியவில்லை, புகைந்து புகைந்துதான் அடங்கியது. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிச் சஞ்சிகைக்கு நாளைக்கே எழுதிவிட வேண்டும் என்று ஹமீமா நினைத்தாள். நேர்முகப் பரீட்சைக்கு முன்னால் எழுதாவிட்டால் பிறகு எழுதவே மாட்டாள். அந்த மட்டுக்கு அவளுக்குத் தன்னைத் தெரியும். அவன் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, மெல்ல, அந்த மூன்று நாளைப் பற்றி எழுதுவீர்களா என்று கேட்டான். எழுதினால் திரும்பவும் தேடி வருவார்கள் மிஸ் என்றான். அதை எழுதமாட்டேன் என்றாள். இலை எடுத்த இடத்துக்குத் தான் போகவில்லை, போய்வந்தவரிடம் ஒன்றும் விசாரிக்கவுமில்லை, பிழை முழுக்கத் தன்னுடையது என்று எழுதப்போவதாகச் சொன்னாள். அவன் பெயர் இரண்டாவதாக அப்படியே இருக்கும். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சாம்பலின்மேல் மண்ணை இழுத்துப் போட்டான்.

திரும்பும் வழியில் அதே சோதனைச் சாவடி. அதே சிப்பாய்தான். கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பழனிமுத்துவை இறங்கச் சொன்னான். அவன் இறங்கிப் போனான். ஹமீமா மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு தானும் இறங்கினாள். நீங்கள் இருக்கலாம் மெடம் என்றான் சிப்பாய். அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வெயிலில் நடந்து போய், வரிசையில் பழனிமுத்துவுக்குப் பின்னால் நின்றாள்.